பெட்டியைப் பிரிக்கலாமா, வேண்டாமா? வட சென்னையில் தற்காலிக வாடகை வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட சென்னையில் 'கொஞ்ச நாளைக்கு' என்று வாடகை வீடு தேடுகிறவர்கள் இப்போது அதிகம். 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் அந்தக் காலத்தில் கட்டிய அடுக்கு வீடுகள் பலவற்றை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறார்கள். வாரியத்தின் பெயரும் 2021-இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறிவிட்டது. வீட்டைக் காலி செய்து கொடுத்தவர்கள் புதுச் சாவி கைக்கு வரும்வரை புளியந்தோப்பிலோ, கொருக்குப்பேட்டையிலோ, வியாசர்பாடியிலோ ஒரு போர்ஷனைப் பிடித்துத் தங்கியாக வேண்டும். மணலிக்கும் எண்ணூருக்கும் கான்ட்ராக்ட் வேலைக்கு வந்தவர்கள், ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படிக்க வந்தவர்கள், சொந்த வீட்டை இடித்துக் கட்டுகிறவர்கள் நிலைமையும் ஏறக்குறைய இதேதான். இவர்கள் கேட்கிற கேள்விகளும் அவற்றுக்கு என் பதில்களும் இங்கே.

இரண்டு வருஷம்தானே? பாதி சாமானைப் பெட்டியிலேயே கட்டி வைத்துவிட்டு எப்படியாவது ஓட்டிவிடக் கூடாதா?

ஓட்டலாம். ஆனால் கட்டட வேலை சொன்ன தேதியில் முடிந்ததாக யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? இரண்டு வருஷம் மூன்றாகும். எட்டாவது படிக்கிற பிள்ளை இந்த வீட்டில்தான் பத்தாவது பரீட்சைக்கும் படிக்கப் போகிறது. கட்டி வைத்த சாமானும் பத்திரமாக இருக்காது. கீழ்த்தளத்து ஈரத்தில் அட்டைப்பெட்டி நமுத்துப்போகும், எலி குடியேறும், பட்டுப்புடவையில் பூச்சி விழும். அதனால் பெட்டிகளை முதல் வாரமே பிரித்துவிடுங்கள்.

செலவு விஷயத்தில் நான் சொல்வது ஒன்றுதான்: காலி பண்ணும்போது வண்டியில் ஏறுகிற பொருளுக்குப் பணம் போடுங்கள், சுவரோடு நின்றுவிடுகிற பொருளுக்குப் போடாதீர்கள். ஃபேன், மெத்தை, கொசுவலை, ரேக், தண்ணீர் டிரம் எல்லாம் கூடவே வரும். வால்பேப்பர், டைல்ஸ், சுவரில் அடித்த கப்போர்டு எல்லாம் ஹவுஸ் ஓனருக்குப் போகும். கீழே சொல்வதெல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

கையில் பத்தாயிரம்தான் இருக்கிறது. எதை முதலில் வாங்குவது?

வாரிய வீட்டைக் காலி செய்கிற குடும்பத்துக்கு 24,000 ரூபாய் கருணைத் தொகை தருகிறார்கள். அது பெரும்பாலும் அட்வான்ஸுக்கும் புரோக்கர் கமிஷனுக்குமே சரியாகிவிடும். வீட்டுக்குள் செலவழிக்க மிஞ்சுவது நீங்கள் சொல்கிற பத்தாயிரம்தான்.

தூக்கம், தண்ணீர், காற்று. இந்த மூன்றுக்கும் செலவு செய்த பிறகுதான் மற்றது. ராத்திரி ஒழுங்காகத் தூங்கி எழுந்தால் எந்த வீட்டையும் சகித்துக்கொள்ளலாம். மெத்தை நைந்து போயிருந்தால் அதை மாற்றுங்கள். கொசுவலை கண்டிப்பாக வேண்டும். மூடியும் குழாயும் உள்ள டிரம் ஒன்று. ஃபேன் சரியில்லை என்றால் ஃபேன். இவ்வளவுக்கும் ஏழெட்டாயிரத்துக்குள் முடித்துக்கொள்ளலாம். மீதியில் இரண்டு எல்.இ.டி. பல்பும் ஸ்கிரீன் துணியும். சோபா, டிவி ஸ்டாண்டு எல்லாம் இந்த வீட்டுக்கு வேண்டாம். புது வீட்டு ஹாலின் அளவு தெரிந்த பிறகு வாங்குங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் வீட்டில் எதைப் பார்க்கணும்?

காலையில் ஒரு தடவை, ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒரு தடவை போய்ப் பாருங்கள். காலையில் தண்ணீர் எப்படி வருகிறது என்று தெரியும். ராத்திரியில் கொசுவும், தெருச் சத்தமும், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற அறையின் சூடும் தெரியும். எதிரே கேரம் கிளப் இருந்தால் அதுவும் அப்போதுதான் தெரியும். கேரம் நல்ல விளையாட்டுதான், நள்ளிரவு வரை ஸ்ட்ரைக்கர் சத்தம் கேட்கிற ஜன்னலோரம் மட்டும் கைக்குழந்தையைப் போடாதீர்கள்.

மெட்ரோ வாட்டர் வீட்டு அடிபம்பில் வருகிறதா, தெருவில் லாரிக்கு நிற்க வேண்டுமா என்று ஓனரிடம் கேட்பதைவிடப் பக்கத்துப் போர்ஷன் அக்காவிடம் கேளுங்கள். உண்மை வரும். போன மழைக்கு வாசல்படி முங்கியதா என்பதையும் அவரிடமே கேட்டுவிடலாம்.

ஆடியிலும் மார்கழியிலும் நம் ஆட்கள் பால் காய்ச்சமாட்டார்கள். அதனால் அந்த மாதங்களில் வீடு காலியாகவே கிடக்கும், வாடகையைக் கொஞ்சம் அடித்துப் பேசலாம். ஆனியிலேயே பாலைக் காய்ச்சி வைத்துவிட்டு ஆடியில் சாமானை ஏற்றுகிறவர்களும் உண்டு.

மேல்மாடி வீடு. ராத்திரி பத்து மணிக்கும் ஃபேனிலிருந்து அனல்தான் வருகிறது. ஏ.சி. வாங்காமல் என்ன செய்யலாம்?

பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட், தோசைக்கல் அடுப்பை அணைத்த பிறகும் சூடாக இருப்பது போல, ராத்திரி பூராவும் சூட்டைக் கீழே விட்டுக்கொண்டே இருக்கும். ஃபேன் அந்தச் சூட்டைத்தான் உங்கள் தலைமேல் தள்ளுகிறது. அதனால் சூடு உள்ளே வந்த பிறகு போராடுவதைவிட வராமல் தடுப்பதுதான் லாபம்.

ஓனரிடம் அனுமதி வாங்கி மொட்டை மாடியில் உங்கள் அறைக்கு மேலே இருக்கிற பகுதிக்கு மட்டும் சுண்ணாம்பு அடியுங்கள். கொஞ்சம் பசை கலந்து கெட்டியாக இரண்டு கோட்டிங். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பிவிடும். மார்ச்சில் அடித்தால் அந்தக் கோடைக்குத் தாங்கும், மழையில் கரைந்துவிடும், அடுத்த வருஷம் மறுபடி அடிக்க வேண்டியதுதான். மொத்தச் செலவு சில நூறு ரூபாய். சுண்ணாம்பு சுவரோடு நிற்கிற செலவுதான். ஆனாலும் இதை மட்டும் விதிவிலக்காக வைத்துக்கொள்ளுங்கள், ஒரு கோடைக்கே கொடுத்த காசு திரும்பிவிடும்.

அடுத்தது ஜன்னல். மேற்குப் பக்கம் ஜன்னல் இருந்தால் உள்ளே எவ்வளவு கனமான ஸ்கிரீன் போட்டாலும் பிரயோஜனம் குறைவு. கண்ணாடியைத் தாண்டி வெயில் வந்தாகிவிட்டது, அப்புறம் துணிதான் சூடாகும். மறைப்பு வெளியே இருக்க வேண்டும். மூங்கில் தட்டியோ, நர்சரிகளில் கட்டுகிற பச்சை வலையோ வாங்கி ஜன்னல் கம்பிக்கு வெளியே கட்டுங்கள். காலி செய்யும்போது அவிழ்த்துச் சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாம்.

நமக்கு ஒரு கொடுப்பினை, கடல் பக்கத்தில் இருக்கிறது. மே மாதத்திலும் மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து கடல்காற்று வரும். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூரில் நன்றாகத் தெரியும், கொடுங்கையூர்ப் பக்கம் போகப்போகக் குறையும். கிழக்கு ஜன்னலுக்கு முன்னால் பீரோவை நிறுத்தி வைத்திருக்கிற வீடுகளைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். முதலில் அதை நகர்த்துங்கள். காற்று வர ஒரு வழி, போக ஒரு வழி வேண்டும். ஒரே ஜன்னல்தான் என்றால் ராத்திரி டேபிள் ஃபேனை ஜன்னலோரம் வெளியே பார்த்தபடி வைத்து, வாசல் கதவைத் திறந்து ஒரு அரை மணி நேரம் ஓட்டுங்கள். அறையில் தேங்கிய சூடு வெளியேறிவிடும்.

அப்புறம், இருக்கிற சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் உடனே புதுசு வாங்கிவிடாதீர்கள். முக்கால்வாசி நேரம் கண்டன்சர்தான் போயிருக்கும். எலெக்ட்ரிக்கல் கடையில் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், மாற்றினால் பழைய வேகம் வந்துவிடும். இறக்கையின் விளிம்பில் படிந்த கறுப்பு மண்ணையும் ஈரத்துணியால் துடையுங்கள்.

சிமென்ட் ஷீட் கூரை வீடு என்றால் ஒரு எச்சரிக்கை. பழைய ஆஸ்பெட்டாஸ் ஷீட்டில் துளை போடாதீர்கள், தேய்க்காதீர்கள், உடைந்த துண்டைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. ஷீட்டுக்கு அடியில் தெர்மாகோல் ஒட்டுகிற பழக்கமும் இருக்கிறது. நெருப்புப் பட்டால் உருகிச் சொட்டிக்கொண்டே எரியும், வேண்டவே வேண்டாம். ஷீட்டுக்கு மேலே தென்னங்கீற்று போட்டுக் கயிற்றால் கட்டுவது பழைய வழி, இன்றைக்கும் அதைவிட நல்லது இல்லை. அடுப்புக்கு மேலே வருகிற பகுதியில் மட்டும் கீற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

ஏர் கூலர் வாங்கலாமா?

வேண்டாம். தண்ணீர் ஆவியாகும்போது காற்று குளிர்வதுதான் கூலரின் வேலை. கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் இங்கே தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது. அறை புழுங்கும், துணி நமுக்கும். அந்தப் பணத்துக்கு நல்ல ஃபேன் வாங்குங்கள்.

சப் மீட்டரில் யூனிட்டுக்கு எட்டு, பத்து ரூபாய் வாங்குகிறார்கள். கரண்ட் பில்லைக் குறைக்க வழி?

வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஒரே மீட்டரில் நாலு குடும்பம் இருந்தால் அந்த இலவசம் உங்கள் வரைக்கும் வருவதில்லை. அதனால் தனி மீட்டர் உள்ள போர்ஷனுக்கு வாடகை ஐந்நூறு ரூபாய் கூட இருந்தாலும் கணக்குப் போட்டுப் பார்த்து எடுங்கள்.

சப் மீட்டர்தான் என்றால், சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். கரண்டை மிச்சப்படுத்துகிற மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் அளவுக்குத்தான் இழுக்கும். ஒரு நாளைக்கு பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் மாதத்துக்குச் சுமார் 16 யூனிட் மிச்சம். யூனிட் எட்டு ரூபாய் என்றால் 130 ரூபாய். இரண்டு வருஷத்தில் ஃபேன் விலை ஏறக்குறைய திரும்பிவிடும், ஃபேனும் கூட வரும். பழைய ஃபேனைத் தூக்கிப் போட்டுவிடாமல் சாக்கில் சுற்றிப் பரணில் வையுங்கள், அது ஓனருடையது.

சுவரில் ஆணி அடிக்கக் கூடாதாம். அடித்தாலும் சுண்ணாம்பு கொட்டுகிறது. சாமானை எப்படி மாட்டுவது, எங்கே வைப்பது?

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் சுண்ணாம்புக் காரைப் பூச்சு. விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று ஓசை வந்தால் பூச்சு சுவரை விட்டுக் கழன்றிருக்கிறது, அங்கே ஆணி அடித்தால் ஒரு தட்டு அளவுக்குப் பெயர்ந்து விழும். மேலே தேக்குக் கட்டைகளும் செங்கல்லும் வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் வீடானால் கட்டையில் பழைய தூளிக் கொக்கி இருக்கலாம். தூளிக்கும் தொங்கு கூடைக்கும் அதுவே போதும். நீங்களாக அந்தக் கட்டையில் திருகாணி போடாதீர்கள்.

சுவரை மறந்துவிடுங்கள். ஓட்டை வரிசை போட்ட இரும்பு ஆங்கிளும் தகடும் நட்டு போல்ட்டில் முடுக்குகிற ரேக் இருக்கிறதே, குடோன்களிலும் மருந்துக் கடைகளிலும் பார்த்திருப்பீர்கள், வாடகை வீட்டுக்கு அதைப்போல ஒத்துவருகிற பொருள் வேறில்லை. காயலாங்கடையில் பழையது எடைக்குக் கிடைக்கும். ஆளுயரத்துக்கு ஒன்று வாங்கி, உப்புத்தாள் போட்டுத் துருவைத் தேய்த்து, ரெட் ஆக்ஸைடு ஒரு கோட்டிங், மேலே பிடித்த நிறத்தில் பெயின்ட் அடித்தால் அடையாளமே தெரியாது. கீழ்த்தட்டில் அரிசி டிரம், நடுவில் பாத்திரம், மேலே படுக்கை. முன்னால் ஒரு பழைய காட்டன் புடவையை ஸ்பிரிங் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டால் அலமாரியாகிவிடும். ஐந்தரை மீட்டர் புடவை, ஒரு ரேக்குக்கும் ஒரு ஜன்னலுக்கும் தாராளமாக வரும். காலி செய்யும் அன்று ஸ்பானரால் கழற்றி, கட்டுக் கட்டி மீன்பாடி வண்டியிலேயே ஏற்றிவிடலாம்.

மாட்டுவதற்கு ஜன்னல் கம்பி, கதவு நிலை, ரேக்கின் பக்கவாட்டு ஓட்டைகள் எல்லாவற்றிலும் எஸ் கொக்கி. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக வாங்குங்கள், கடற்கரையை ஒட்டிய தெருக்களில் சாதாரண இரும்புக் கொக்கியை உப்புக்காற்று சீக்கிரமே துரு ஏற்றிவிடும்.

சுவரின் அடிப்பகுதியில் ஓதம் ஏறி உப்புப் பூத்திருக்கிறது. ஸ்டிக்கர் வால்பேப்பர் ஒட்டி மறைக்கலாமா?

மறைக்கக் கூடாது. ஓதம் தரையிலிருந்து ஏறுகிறது, சுவர் வழியாகக் காய்ந்து வெளியேறுகிறது. பிளாஸ்டிக் தாளை ஒட்டினால் ஈரம் போக வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும், தாளுக்குப் பின்னால் பூஞ்சை பிடித்து நாற்றம் அடிக்கும், கிழிக்கும்போது பூச்சும் சேர்ந்து வரும், அதற்கான காசை அட்வான்ஸில் பிடிப்பார்கள்.

உப்பைக் காய்ந்த துடைப்பத்தால் தேய்த்துக் கூட்டி அள்ளிவிடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் சுவருக்குள் போய்விடும். அதன் மேல் சுண்ணாம்பு அடித்தால் சுவர் மூச்சு விடும். பீரோ, கட்டில், அரிசி மூட்டை எல்லாம் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளியே இருக்கட்டும். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்றால் ஒரு கோரைப்பாயை ஜன்னல் கம்பியில் கட்டிச் சுவரைத் தொடாமல் தொங்கவிடுங்கள். பாயும் அழகுதான்.

ஒரே ரூம். வயசுக்கு வந்த பொண்ணு, மாமியார், நாங்கள் இருவர். மறைவு எப்படி?

பீரோவைச் சுவரோடு சாய்க்காமல் அறைக்குக் குறுக்கே நிறுத்துங்கள். அது பாதிச் சுவர். மீதிக்கு அதன் மேல்விளிம்பிலிருந்து எதிர் ஜன்னல் கம்பி வரை ஒரு நைலான் கயிறு, அதில் கனமான ஸ்கிரீன். பீரோவின் முதுகு பெண் பக்கம் இருக்கட்டும். காந்தம் வைத்த கொக்கிகளை அதில் ஒட்டிப் புத்தகப் பை, சீப்பு, கண்ணாடி என்று அவளுக்கென்று ஒரு மூலையாக்கிக்கொள்ளலாம். பீரோ ஆடாமல் இருக்க நான்கு காலுக்கும் அடியில் ரப்பர் துண்டு வையுங்கள், உள்ளே கனமான சாமானைக் கீழ்த்தட்டில் அடுக்குங்கள். படிக்க ஒரு மடக்கு மேஜையும் தனி லைட்டும் கொடுத்துவிட்டால், அவள் ராத்திரி படிக்கும்போது மற்றவர்கள் தூங்கலாம். ஒன்பது வாட் பல்பே படிக்கப் போதும்.

தண்ணீர் பிடித்து வைப்பதே பெரிய பாடாக இருக்கிறது.

வட சென்னையில் பாதி வாழ்க்கை இதில்தான் போகிறது. மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010-இல் வந்தது. அப்படியும் பல தெருக்களில் மெட்ரோ வாட்டருக்கு நேரம் பார்த்துத்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

நல்ல தண்ணீரையும் போர் தண்ணீரையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அது கழுவ, துடைக்க, டாய்லெட்டுக்கு. தலைக்குக் குளிக்கிற கடைசி இரண்டு சொம்பு மட்டும் நல்ல தண்ணீராக இருந்தால் முடி சிக்காகாது.

200 லிட்டர் டிரம் நிறைந்தால் 200 கிலோ. பழைய கட்டடத்துப் பால்கனியிலோ பரணிலோ வைக்காதீர்கள். மணலி, மாதவரம் பக்கம் ரோட்டோரம் பழைய நீல டிரம் மலிவாக விற்பார்கள். முன்பு என்ன கெமிக்கல் இருந்தது என்று தெரியாத டிரம்மில் குடிநீர் பிடிக்கவே கூடாது. அதைத் துணி துவைக்க வைத்துக்கொள்ளுங்கள், குடிக்கப் புதுசு வாங்குங்கள். அடியில் ஒரு குழாய் பொருத்திச் செங்கல் மேல் ஏற்றி வைத்தால், உள்ளே கையை விட்டு மொள்ளுகிற வேலை இல்லை.

டெங்கு கொசு சாக்கடையில் வளராது, நாம் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில்தான் வளரும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதனால் வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், டிரம்மைக் காலி பண்ணி உள்சுவரை நாரால் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும், தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது. பக்கிங்ஹாம் கால்வாய், ஓட்டேரி நல்லா கால்வாய் ஓரத்து வீடுகளில் ராத்திரிக் கொசு வேறு ரகம், அதற்கு வலைதான். ஆணி வேண்டாத மடக்குக் கொசுவலை வாங்கினால் பாய் மேலேயே விரித்துக்கொள்ளலாம்.

மலிவாகச் சாமான் எங்கே வாங்கலாம்?

ஸ்கிரீன் துணி, பெட்ஷீட்டுக்கு வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு. நிறையத் துணி வேண்டுமென்றால் பாரிமுனைப் பக்கத்துக் கோடவுன் தெரு. சின்னச் சின்ன வீட்டுச் சாமானுக்குக் காசி செட்டி தெருவும் அதைச் சுற்றிய சந்துகளும். சனி, ஞாயிறு சாயங்காலம் பாரிமுனைப் பக்கம் போகாதீர்கள், வாங்கினதைவிடத் தொலைத்தது அதிகமாக இருக்கும்.

பழைய மரச்சாமான் வாங்கினால் மூட்டைப்பூச்சியை முதலில் பாருங்கள். கட்டிலின் மூலை இணைப்பு, திருகாணித் துளை, மெத்தையின் தையல் ஓரம். அங்கே மிளகுத்தூள் போலக் கறுப்புப் புள்ளி இருந்தால், சும்மா கொடுத்தாலும் வேண்டாம். பழைய மெத்தை எப்படி இருந்தாலும் வேண்டாம். இலவம்பஞ்சு மெத்தை புதிதாகத் தைத்துக்கொள்ளலாம், மொட்டை மாடியில் அவ்வப்போது வெயிலில் போட்டால் மறுபடி உப்பிக்கொள்ளும். கட்டில் வேண்டுமானால் நாடாக் கட்டில் எடுங்கள். மடக்கலாம், அடியிலும் காற்றுப் போகும், மழைத் தண்ணீர் வந்தாலும் ஊறிப்போக ஒன்றுமில்லை. பார்ட்டிகிள் போர்டு கட்டில் கணுக்கால் தண்ணீருக்கே ஊதிவிடும்.

கேஸ் கனெக்‌ஷன் மாற்றும்வரை சமையலுக்கு?

ஐந்து கிலோ சிலிண்டர் முகவரிச் சான்று இல்லாமல் அடையாள அட்டையை மட்டும் காட்டி வாங்கலாம். இண்டியன் ஆயில் இதைச் 'சோட்டு' என்ற பெயரில் விற்கிறது. இண்டக்‌ஷன் அடுப்பு வைப்பதானால் பிளக்கைப் பாருங்கள். 2,000 வாட் அடுப்பு ஒன்பது ஆம்பியருக்குப் பக்கத்தில் இழுக்கும். சின்ன பிளக்கில், அதுவும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டால் உருகிவிடும். பெரிய பதினைந்து ஆம்பியர் பிளக் இல்லாத வீட்டில் இண்டக்‌ஷனை மறந்துவிடுங்கள்.

தரைத்தளம். மழைக்காலத்துக்கு என்ன தயார் செய்யணும்?

சென்னையின் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். ஆயுதபூஜைக்கு வீட்டைத் துடைக்கிறபோதே இதையும் செய்துவிடுங்கள். ஃப்ரிட்ஜை இரண்டு அடுக்குச் செங்கல் மேல் ஏற்றுங்கள், அதன் மோட்டார் அடியில்தான் இருக்கிறது. தரையோரம் கிடக்கிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஜன்னல் உயரத்துக்குக் கொண்டு போங்கள். பாத்ரூம் ஜல்லடையை அடைக்க ஒரு சின்ன மணல் மூட்டை கட்டி வையுங்கள். தெருவில் தண்ணீர் நின்றால் வாசல் வழியாக வருவதற்கு முன்பே அந்த ஓட்டை வழியாகத்தான் சாக்கடை உள்ளே வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கத்து வீடுகளில் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து புகுந்தது. அதில் ஊறிய பாய், தலையணை எதையும் துவைத்து மீட்க முடியவில்லை. மழை எச்சரிக்கை வந்த அன்றே படுக்கையை மேல்தட்டுக்கு ஏற்றிவிடுங்கள்.

ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சர்டிஃபிகேட், எல்லாவற்றுக்கும் மேலே, பழைய வீட்டை ஒப்படைத்தபோது வாரியத்தில் கொடுத்த காகிதங்கள். இவற்றை பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுப் பரணில் வையுங்கள். போனிலும் ஒரு போட்டோ. புது வீடு கைக்கு வர அந்தக் காகிதம்தான் ஆதாரம்.

வயதானவர்களுக்கு டாய்லெட் வெளியே இருக்கிறது.

போகிற வழியில் ராத்திரி முழுக்க எரிகிற அரை வாட் பல்பு ஒன்று, வழுக்காத ரப்பர் மேட், உட்கார்ந்து எழ பிளாஸ்டிக் கமோடு நாற்காலி. நாற்காலியை இந்திய டாய்லெட் மேலேயே வைத்துக்கொள்ளலாம். இதில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள், ஒரு தடவை விழுந்தால் ஆகிற செலவு மொத்த பட்ஜெட்டையும் தின்றுவிடும்.

எல்லாம் செய்தும் இது நம் வீடு என்ற நினைப்பே வரவில்லை.

வெள்ளை டியூப்லைட் ஒன்றே எரிகிற அறையில் யாருக்கும் வராது. சாயங்காலத்துக்கு மஞ்சள் வெளிச்சம் தருகிற பல்பு ஒன்றைத் தாழ்வாக, மூலையில் போடுங்கள். சாமி படமோ, மாதா படமோ, மெக்கா படமோ, பழைய வீட்டில் எந்தத் திசையில் இருந்ததோ அதே திசையில் வையுங்கள். அப்புறம் வாசலில் வந்து உட்காருங்கள். நம் பக்கத்தில் சாயங்காலம் எல்லோரும் வாசல்படியில்தான் இருப்பார்கள். நீங்கள் உள்ளேயே இருந்தால் ஆறு மாசம் ஆனாலும் 'புதுசா வந்தவங்க'தான். லாரி தண்ணீர் வந்தால் குரல் கொடுப்பதும், மழையில் மாடித் துணியை எடுத்து வைப்பதும் அந்தப் பழக்கத்தில் வருவதுதான்.

ரிப்பேர் செலவு யாருடையது?

தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி கட்டடப் பழுது, வெள்ளையடிப்பது, பெரிய வயரிங், பைப் மாற்றுவது எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பிளக், பூட்டு போன்ற சின்ன வேலை குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. நம் ஊர் வழக்கம் என்னவென்று உங்களுக்கே தெரியும். அதனால் கையெழுத்துப் போடும் முன்பே ஒப்பந்தத்தைப் படியுங்கள். சட்டத்தைக் காட்டிச் சண்டை போடுவதைவிட, 'பைப் ஒழுகுது சார், நான் ஆளைக் கூப்பிட்டுச் செய்துவிடுகிறேன், வாடகையில் கழித்துக்கொள்ளலாமா' என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் நடக்கும். சம்மதத்தை வாட்ஸ்அப்பில் வாங்கி வையுங்கள்.

காலி செய்யும்போது அட்வான்ஸைக் குறைக்காமல் திரும்ப வாங்குவது எப்படி?

வேலை முதல் நாளே தொடங்குகிறது. சாமான் இறக்கும் முன் காலி வீட்டை அறை அறையாகப் போட்டோ எடுங்கள். விரிசல், ஓதம், உடைந்த ஸ்லாப், கீறின கதவு, மீட்டர் ரீடிங் எல்லாம். அன்றைக்கே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், தேதி தானாக விழும். வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடிக்கிற வழக்கம் இங்கே நிறையப் பேரிடம் உண்டு. அதை நுழையும்போதே பேசி எழுதிக்கொள்ளுங்கள், கிளம்பும்போது பேசினால் நடக்காது.

கிளம்புகிற மாதம் மூன்று வேலை. ஒப்பந்தத்தில் உள்ளபடி முன்னறிவிப்பு, கரண்ட் பாக்கியை அடைத்த ரசீது, அறையைக் காலி பண்ணிய பிறகு மறுபடி அதே கோணத்தில் போட்டோ. பரணில் சுற்றி வைத்த ஓனர் ஃபேனை இறக்கி மாட்டி, ஓடுகிறது என்று அவர் முன்னால் போட்டுக் காட்டுங்கள். உங்கள் ஃபேனைக் கழற்ற எலெக்ட்ரீஷியனிடம் நாலு நாள் முன்பே சொல்லி வையுங்கள். குட்டி யானை வண்டி வந்து வாசலில் நிற்கும்போது போன் போட்டால் அவர் மூலக்கடைப் பக்கம் வேறு வேலையில் இருப்பார்.